அக்கா, உங்க காலேஜ் ரேங்க் என்ன?



போன வருஷம் கவுன்சிலிங் சீசன். சாய்ஸ் ஃபில்லிங் முடிய இரண்டே நாள். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எனக்கு மூன்று வருடம் ஜூனியர் ஒருத்தி போன் பண்ணினாள். "அக்கா, கட்-ஆஃப் 171 வந்திருக்கு. உங்க காலேஜைப் போடலாமா? ரேங்க் என்னக்கா?"

பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொன்னேன். "லேப் எல்லாம் நல்லா இருக்குமாக்கா?" என்று கேட்டாள். "அதான் ரேங்க் இருக்குல்ல, தைரியமா போடுடி" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. அவள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. மூன்று வருடம் இந்த வளாகத்தில் இருந்திருக்கிறேன். எந்த லேபில் ஒரு கிட்டுக்கு ஆறு பேர் நிற்கிறோம், எந்த சப்ஜெக்ட்டுக்கு ஒரே செமஸ்டரில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள், எந்த சார் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் கூட இருந்து சர்க்யூட்டைச் சரி பண்ணித் தருவார் என்று எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த அத்தனையையும் விட்டுவிட்டு, ஒரு எண்ணைத் தூக்கிக் கையில் கொடுத்தேன்.

நீங்களும் யாருக்காவது இப்படிப் பதில் சொல்லியிருப்பீர்கள். அதனால் அந்த எண்ணுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.

நம் ஊரில் எல்லாரும் பேசுவது என்ஐஆர்எஃப் பட்டியலைத்தான். மத்தியக் கல்வி அமைச்சகத்துடையது. முதல் பட்டியல் 2016-ல் வந்தது. பொறியியல் பிரிவில் அன்று தொடங்கி 2025 வரை வந்த பத்துப் பட்டியலிலும் முதலிடம் ஐஐடி மெட்ராஸ்தான். மொத்த மதிப்பெண் 100. கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30. தேர்ச்சி, வேலை, மேற்படிப்பு ஆகியவற்றுக்கு 20. பெண்கள், வெளிமாநிலத்தவர், ஏழை வீட்டுப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் எந்த அளவுக்கு உள்ளே வர முடிகிறது என்பதற்கு 10. மீதி 10, அந்தக் கல்லூரிக்கு வெளியில் என்ன பெயர் என்பதற்கு.

ஆராய்ச்சிக்கான அந்த 30-ஐக் கவனியுங்கள். ஐஐடி போன்ற இடத்துக்கு அது நியாயமான அளவுகோல். ஆராய்ச்சி அவர்களுடைய வேலையில் பாதி. பி.இ. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதையே முழு வேலையாக வைத்திருக்கும் கல்லூரியையும் அதே தராசில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஏழு மணி வரை லேபில் நிற்கும் அந்த சாருக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அதே நேரத்தில் அவர் ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டால் கல்லூரிக்குக் கணக்கில் ஏறும். நிர்வாகம் எதைச் செய்யச் சொல்லும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஓர் அளவுகோலையே இலக்காக வைத்துவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்று பொருளாதாரத்தில் ஒரு விதி உண்டு. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞரின் பெயரால் அதைச் சொல்வார்கள். இன்டர்னல் மார்க்குக்காகவே படித்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது அந்தப் 'பெயர்' மதிப்பெண். கல்வியாளர்களையும் வேலை கொடுப்பவர்களையும் கேட்டு அதைப் போடுகிறார்கள். உலகப் பட்டியல்களில் இதன் எடை இன்னும் அதிகம். க்யூஎஸ் பட்டியலில் கல்வியாளர்களிடம் உள்ள பெயருக்கு மட்டும் 30 சதவீதம், வேலை கொடுப்பவர்களிடம் உள்ள பெயருக்கு 15 சதவீதம். நல்ல கல்லூரி எது என்று கேட்டால், ஏற்கனவே கேள்விப்பட்ட பெயரைத்தானே யாரும் சொல்வார்கள்? பெயர் இருப்பதால் ரேங்க் வருகிறது, ரேங்க் வருவதால் பெயர் வளர்கிறது. உலகப் பட்டியல்களைப் பெரிய இடங்களே முழுசாக நம்புவதில்லை. 2020-ல் ஐஐடி மெட்ராஸ் உட்பட ஏழு ஐஐடிகள், டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் வெளிப்படைத்தன்மை போதாது என்று சொல்லி அதில் கலந்துகொள்ள மறுத்தன.

"அப்போ ரேங்க் எல்லாம் சும்மா, திறமை இருந்தா எங்க படிச்சாலும் ஜெயிக்கலாம்"னு முடிச்சிடலாமா? மேடையில் கைதட்டல் வாங்கும் வசனம் இது. எனக்கும் ரொம்ப நாள் பிடித்திருந்தது. ஆனால் இதில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, "எங்க கிரவுண்டுல ஓடினா வேகம் வரும்"னு ஒருத்தர் சொன்னால் சிரிப்போம். ஜேஇஇ-யில் வடிகட்டி எடுத்த மாணவர்கள் பிறகு நன்றாக வருவதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, அவர்களே கொண்டுவந்தது எவ்வளவு? அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்தார்கள். 2002-ல் அந்த ஆய்வு வெளியானது. உயர்ந்த கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களையும், அந்த உயர்ந்த கல்லூரியிலேயே சேர்ந்தவர்களையும் பல வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் இருவரின் சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கைதட்டலாம். ஆனால் அதே ஆய்வில் ஒரு விதிவிலக்கு வந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்ந்த கல்லூரி உண்மையாகவே உதவியது. அவர்கள் பின்னாளில் செய்த ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று தெரிந்தது.

அது அமெரிக்கக் கணக்கு, அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். ஆனால் காரணம் நமக்குப் புரியாததா என்ன? அப்பா டாக்டர், மாமா பெங்களூரில் மேனேஜர் என்றால் எந்தக் கல்லூரியில் படித்தாலும் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு போன் கால் போதும். ரெஸ்யூமேவில் என்ன எழுதணும், கேட் எப்போ அப்ளை பண்ணணும் என்று வீட்டிலேயே ஆள் இருக்கிறது. முதல் பட்டதாரி சான்றிதழைக் கொடுத்து ஃபீஸ் சலுகை வாங்கி வந்த நமக்கு அந்த வேலை எல்லாவற்றையும் கல்லூரிதான் செய்யணும். கேம்பஸுக்கு எந்த கம்பெனி வருகிறது, சீனியர்கள் எங்கே இருக்கிறார்கள், வழி சொல்ல ஆசிரியர் இருக்கிறாரா என்பதெல்லாம் நம் வாழ்க்கையையே மாற்றும். "பேர்ல என்ன இருக்கு" என்பது பெரும்பாலும் பேர் உள்ளவர்கள் சொல்லும் ஆறுதல்.

ஆக, கல்லூரியின் தரம் யாரைவிடவும் அதிகமாக யாருக்குத் தேவையோ, அவர்களிடம்தான் அந்தத் தரத்தை அறிய வெறும் ஒரு எண் மட்டும் இருக்கிறது. எனக்குப் போன் பண்ணியவளும் அவர்களில் ஒருத்தி. அவள் அம்மாவுக்குப் பட்டியலும் தெரியாது, கல்லூரியும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்.

சரி, என்ன செய்யலாம்? இன்னொரு கதையோடு சொல்கிறேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்காவின் புகழ்பெற்ற யூ.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. 2022-ல் அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், பல்கலைக்கழகம் பட்டியலுக்குக் கொடுத்த எண்களை வேறு பதிவுகளோடு வைத்துச் சரிபார்த்தார். சின்ன வகுப்புகள் எத்தனை, முழுநேர ஆசிரியர்கள் எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்த்தார். பல இடங்களில் கணக்கு உதைத்தது. அதை வெளிப்படையாக எழுதினார். சில தரவுகள் தவறு என்று பல்கலைக்கழகமே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த வருடம் செப்டம்பரில் வந்த பட்டியலில் கொலம்பியாவின் இடம் 18.

ஒரே வருடத்தில் அங்கே கட்டடம் இடிந்துவிழவில்லை, பேராசிரியர்கள் ஓடிப்போகவில்லை. உள்ளே இருந்த ஒருவர் எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான்.

நம் பட்டியலும் கல்லூரிகள் தாமே கொடுக்கும் தரவை அடிப்படையாக வைத்துத்தான் ஓடுகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், பங்கேற்கும் கல்லூரி தான் கொடுத்த தரவைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். நம் கல்லூரிப் பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் அந்த பிடிஎஃப் கிடக்கும். தேடி எடுத்துப் படியுங்கள். ஆசிரியர் எத்தனை பேர், லேப் உபகரணங்களுக்கு எவ்வளவு செலவு, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன என்று எல்லாம் அதில் இருக்கும்.

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பது அதிகபட்சச் சம்பளத்துக்குத்தான். வேலை கிடைத்த நூறு பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற 99 பேருக்கும் மூன்றரை லட்சம் என்று வையுங்கள். ஃப்ளெக்ஸில் 40 லட்சம் சிரிக்கும். இடைநிலை அளவு மூன்றரை லட்சம் என்று சொல்லும். உங்களுக்கும் எனக்கும் நடக்கப்போவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பிடிஎஃப்பில் உள்ள ஆசிரியர் எண்ணிக்கையும் நாம் வகுப்பில் பார்க்கும் முகங்களும் ஒத்துப்போகின்றனவா? செலவுக் கணக்கில் உள்ள உபகரணம் லேபில் இருக்கிறதா, இருந்தால் பூட்டைத் திறக்கிறார்களா? ஒத்துப்போனால் சந்தோஷம், அதைப் பெருமையாகச் சொல்வோம். ஒத்துப்போகவில்லை என்றால் ஃபீட்பேக் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போடுவதை நிறுத்திவிட்டு, ஹெச்ஓடி நடத்தும் வகுப்புப் பிரதிநிதிகள் கூட்டத்தில் எழுந்து கேட்போம். பயமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். இது கல்லூரிக்கு எதிரான வேலை கிடையாது. நம் சான்றிதழில் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரப்போகும் பெயர் இது.

அடுத்த வருடம் நானும் இங்கே இருக்க மாட்டேன். இருக்கப்போகும் தம்பி தங்கைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கவுன்சிலிங் நேரத்தில் உங்கள் ஊரிலிருந்து யாராவது கட்டாயம் போன் பண்ணுவார்கள். ரேங்க் கேட்டால் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். சொல்லிவிட்டு, அப்படியே போனை வைத்துவிடாமல் கிட் எத்தனை, வருகிற கம்பெனி எது, நல்லா நடத்துகிற சார் யார், எந்த டிபார்ட்மெண்டில் ஆள் இல்லை என்று இன்னும் ஐந்து நிமிடம் பேசுங்கள். அந்த ஐந்து நிமிடம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

அந்தப் பெண் இப்போது நம் கல்லூரியில்தான் முதல் வருடம் படிக்கிறாள். போன வாரம் கேன்டீனில் பார்த்தேன். "அக்கா, ஒரு கிட்டுக்கு ஆறு பேர்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று சிரித்தாள். கோபமில்லை. நான்தான் டீயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவளுடைய வகுப்பிலிருந்து நான்கு பேரை அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த பிடிஎஃப்பை இந்தச் சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப்போகிறோம். நீங்களும் வரலாம்.