யார் பார்த்தது, எங்கே பார்த்தது?

உப்பு இறங்கிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடிக்காதீர்கள், அப்படியே வற்றவிட்டால் மகசூல் கூடும், தாதுச்சத்தும் சேரும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீளமான செய்தி வந்தது. பிழையில்லாத தமிழ், வரிசை எண்கள், கடைசியில் வாழ்த்து வேறு. மரக்காணத்தில் பாத்தி மிதித்த யாரும் அதை எழுதியிருக்க முடியாது. தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி வாக்கில் வரும்போது உப்பு கட்டத் தொடங்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்பும் கூடவே இறங்கும். அந்த உப்பு கசக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக் கசியும், வியாபாரி அதைத் தொடமாட்டார். செய்தியைப் போட்ட பையனிடம் கேட்டேன். “சாட்ஜிபிடிகிட்ட கேட்டேன் மாமா, அதுதான் சொல்லுச்சு” என்றான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்பாவுக்கு உதவலாம் என்று நினைத்திருக்கிறான்.

அளத்துக்காரர்கள், கூலிக்கு உப்பு வாருகிறவர்கள், பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் எல்லோரும் இருக்கும் அந்தக் குழுவுக்கு நான் அட்மின். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதியது எதுவும் குழுவுக்குள் வரக்கூடாது என்று தடை போடச் சொன்னவர்கள் உண்டு. நான் மறுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்கள் இன்று போனிடம் பேசி, அதையே மனுவாக எழுதவைத்து, அச்செடுக்க என் கடைக்கு வருகிறார்கள். கூலி பாக்கி எவ்வளவு, எந்த அளத்தில் என்பதெல்லாம் அவர்கள் சொன்னதுதான், எழுதிக் கொடுத்தது மட்டும் கருவி. அந்த வாயை அடைக்க எனக்கு உரிமை இல்லை.

எது மனிதர் எழுதியது, எது இயந்திரம் எழுதியது என்று பிரித்துப் பார்ப்பதும் நடக்கிற காரியம் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அதற்கென ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. அதுவும் ஆங்கிலத்துக்கு மட்டும் பரிந்துரைக்கப்பட்ட கருவி. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால், தமிழில் எழுதும் ஒருவரைப் பார்த்து “இது உன் எழுத்து இல்லை” என்று நான் எதை வைத்துச் சொல்வேன்?

அதனால் எங்கள் குழுவில் ஒரே கேள்விதான். யார் பார்த்தது, எங்கே, எப்போது? பதில் இருந்தால் பதிவு நிற்கும், இல்லையென்றால் நீக்குவேன். கருவியிடம் வாங்கியது என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். போட்டவர்தான் பொறுப்பு, கருவி பொறுப்பேற்காது.

புயல் நேரத்தில் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். 2024 நவம்பரில் புயலாக வலுப்பெறாது என்று சொல்லப்பட்ட தாழ்வு மண்டலம், 29ஆம் தேதி பிற்பகலில் ஃபெஞ்சல் புயலானது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. முன்னறிவிப்பே மாறிக்கொண்டிருக்கும்போது எந்தப் புரளியையும் மனம் நம்பிவிடும். அடுத்த ஆண்டு டிட்வா புயல் வந்தபோது எங்கள் குழுவுக்கு ஒரு படம் வந்தது. கடல் சாலை ஏறிவிட்டதாம், ஊரைக் காலி செய்ய வேண்டுமாம். படத்தின் பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். உப்பு வாரும் அக்கா ஒருவர்தான் முதலில் பிடித்தார்: “கார்த்திகை மாசத்துல எவன்பா உப்ப மூடாம தெறந்து போட்டிருப்பான்?” எந்த மென்பொருளும் கேட்காத கேள்வி அது. குழுவைக் காவல் காக்க அந்த ஊரின் தொழில் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய நிறுவனங்கள் எங்கோ உட்கார்ந்து செய்யும் தணிக்கைக்கு மரக்காணத்தின் கார்த்திகை தெரியாது.

இயந்திர எழுத்தை ஒரேயடியாகத் தடுக்காமல் கேள்வி கேட்டுச் சமாளிப்பதற்குத் தமிழில் முன்னோடி உண்டு. 2009 முதல் 2011 வரை கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. நடை கரடுமுரடு, தலைப்புகளில் பல தமிழ் வாசகருக்குச் சம்பந்தமில்லாதவை. சம்பளமில்லாமல் உழைத்த தமிழ் விக்கிப்பீடியர்கள் ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. எந்தத் தலைப்பு வேண்டும், யார் திருத்துவது என்று நேருக்கு நேர் பேசினார்கள். 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் குறைகளை எடுத்து வைத்தார்கள். அளவைப் பார்த்து மயங்காமல் தரத்தைக் கேட்ட அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கும்.

சட்டமும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. உறுப்பினர் போடும் பதிவுக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. செயற்கையாக உருவாக்கிய படம், ஒலி, காணொளிக்கு அடையாளம் இட வேண்டும் என்று மத்திய அரசு 2026 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் படத்தைத் திரையிலிருந்து பிடித்து, ஓரத்தை வெட்டி அனுப்பினால் அடையாளம் போச்சு.

எனக்கு உண்மையான பயம் பணத்தைப் பற்றித்தான். வேலையில்லாத அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அது 10,000 ஆகிவிட்டது, கீழே உள்ள இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் கொடுங்கள் என்று ஒரு ஒலிப்பதிவு வந்தது. அதிகாரி பேசுவதுபோலவே நிதானமான குரல், இடையில் ஒரு செருமல். “இன்னாப்பா இது, நெசமா?” என்று போனைத் தூக்கிக்கொண்டு ஒரு அத்தை கடைக்கு வந்தார். “தொடாத அத்த, குடு” என்று வாங்கி அழித்தேன். மற்றவர்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் குழுவில் போட்டேன். கடை பூட்டியிருந்த நேரத்தில் எத்தனை பேர் அதைத் தொட்டார்களோ!

அரசிடம் நான் கேட்பது சிறிய விஷயம். நிவாரண அறிவிப்பைத் தேதியோடும், அலுவலகப் பெயரோடும், திரும்பக் கூப்பிட்டுக் கேட்க ஒரு எண்ணோடும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அதையே தமிழில் பேசி எங்களைப்போன்ற குழுக்களுக்கும் அனுப்புங்கள். செப்டம்பரிலேயே வந்துவிட்டால், அக்டோபரில் வரும் போலிக் குரலை நாங்களே பார்த்துக்கொள்வோம்.