ஹோ சி மின் கேட்ட கேள்வி

தம்பி!

கோரிமேட்டுக்கு அப்பால் தமிழ்நாடு, இப்பால் புதுவை. அன்று அப்பாலை ஆண்டவன் பிரிட்டிஷ்காரன். இப்பாலை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். கொடிதான் வேறு, கொடுமை ஒன்று!

அந்தப் பிரெஞ்சுக் கொடியின் கீழேதான் வியட்நாமும் வாடிற்று. சைகோனுக்கு உத்தியோகம் தேடிப் போன குடும்பங்கள் புதுவையிலே பல. ஆகவே ஹோ சி மின் நமக்கு அந்நியரல்லர்.

இடதுசாரித் தோழர்கள் அவரைப் போற்றுகிறார்கள். கல்கத்தாவிலே அமெரிக்கத் துணைத்தூதரகம் இருக்கும் தெருவுக்கே அவர் பெயரைச் சூட்டினர். நல்லது! ஆனால், எந்த ஹோ சி மினைப் போற்றுகிறார்கள்? மாஸ்கோவின் மாணவரையா, மண்ணின் மைந்தரையா?

1919இல் வெர்சேல்ஸ் மாநாட்டிலே கூடிய வல்லரசுகளிடம் தம் மக்களுக்காக உரிமை கேட்டார், ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. 1920 டிசம்பரில் தூர் நகரிலே பிரெஞ்சு சோஷலிஸ்டுகள், எந்த அகிலத்தில் சேர்வது என்று வாதாடினர். அவருக்கிருந்த கேள்வி ஒன்றே: அடிமை நாட்டுக்குத் துணை நிற்கும் அகிலம் எது? லெனினிடம் தம்மை அழைத்துச் சென்றது முதலில் நாட்டுப்பற்றே என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 1924இல் மாஸ்கோவிலே, 'குடியேற்ற நாடுகளை மறந்தீர்களே!' என்று பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளை இடித்துரைத்தார்.

வீண் கேள்வியா அது? 1936இல் பாரிசிலே சோஷலிஸ்ட் லியோன் பிளம் பிரதமர். கம்யூனிஸ்டுகள் ஆதரித்த மக்கள் முன்னணி ஆட்சி. அந்த ஆண்டு ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்! 1946 டிசம்பரில் வியட்நாமில் முழுப் போர் மூண்டது. அப்போது பிரதமர் யார்? அதே பிளம்! 1947 மார்ச்சில் போர்ச்செலவுக்கான வாக்கெடுப்பிலே கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஒதுங்கி நின்றனர். கம்யூனிஸ்ட் அமைச்சர்களோ ஆதரித்தே வாக்களித்தனர். பாரிசிலே பாட்டாளி ஒற்றுமை, புதுவையிலே பிணம், ஹனோயிலே பீரங்கி!

1954 மே 7 அன்று தியன் பியன் பூ வீழ்ந்தது. நவம்பர் 1 அன்று புதுவை நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. தோழர் வ. சுப்பையாவும் தொழிலாளரும் இங்கே பட்டபாடு கொஞ்சமல்ல. ஆனால், அடிபட்ட ஆதிக்கம்தான் மூட்டை கட்டும், தம்பி!

ஆட்சிக்கு வந்ததும் ஹோ சி மின் செய்ததென்ன? 1945 செப்டம்பர் 2 அன்று விடுதலைப் பிரகடனம். அதே மாதத்தில் தாய்மொழி எழுத்தறிவு இயக்கம். உயர்கல்வியில் பிரெஞ்சு கோலோச்சிய நாட்டிலே உழவனும் கூலியும் தம் மொழியில் எழுதப் படிக்க வழி திறந்தார். வர்க்கம் பேசியவர் மொழியை மறக்கவில்லை!

குறையே இல்லையா? உண்டு. 1953 முதல் 1956 வரை நடந்த நிலச்சீர்திருத்தத்தில் குற்றமற்றோரும் கொல்லப்பட்டனர்; 1956இல் அவர் அரசே தவற்றை ஒப்புக்கொண்டது. தலைவரைத் தெய்வமாக்குவது பகுத்தறிவாளன் வேலையல்ல.

இங்கே என்ன நடக்கிறது? வியட்நாமியன் தன் மொழிக்கும் மண்ணுக்கும் போராடினால், 'புரட்சி' என்று கைதட்டும் தோழர்களில் சிலர், தமிழன் தன் மொழிக்கும் மாநில உரிமைக்கும் குரல் கொடுத்தால், 'குறுகிய இனவாதம்' என்று முகம் சுளிக்கிறார்கள். எல்லோரும் அப்படியல்லர், தமிழுக்காக முழங்கிய ஜீவாவும் கம்யூனிஸ்டுதான்.

புதுவை இன்னும் யூனியன் பிரதேசமாகவே நிற்கிறது. முழு மாநில உரிமை கேட்டுச் சட்டமன்றம் போட்ட தீர்மானங்கள் பல. தோழர்களே! ஹோ சி மின் படத்துக்கு மாலை போடுங்கள்; நாங்களும் வருகிறோம். அவர் பாரிசைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, டெல்லியைப் பார்த்து நாம் சேர்ந்தே கேட்போம்: 'எங்கள் மக்களுக்கு உரிமை எங்கே?'