துறைக்கு வேலி எதற்கு?

துறைக்கொரு வேலியிட்டு அதனுள் ஒடுங்குவதே புலமை என நாம் கருதி வருகின்றோம். அது தவறென்பதற்கு நெதர்லாந்துப் பேராசிரியர் பீட் பெர்க்வெல்டின் ஆய்வு வாழ்வே சான்று.

மின்பொறியியல் கற்ற அவர், நரம்புத் திசுக்களின் அருகே அயனிகளை அளக்க விழைந்தார். டிரான்சிஸ்டரின் உலோக வாயிலை நீக்கி, அவ்விடத்தில் திரவமே படியுமாறு அமைத்தார். 1970-இல் அவர் வெளியிட்ட அக்கருவி, எளிதில் உடையும் கண்ணாடி மின்முனையின்றியே அமிலத்தன்மையை அளக்க வழிதிறந்தது. பின்னர் துவென்டெ பல்கலைக்கழகத்தில் உயிரி உணர்விகளுக்குரிய பேராசிரியராக விளங்கினார். 2011-இல் அந்நெறியில் அமைந்த சில்லுகள் மரபணு வரிசையையே படித்துக்காட்டின.

வேதியியல் தமதன்று என அவர் ஒதுங்கியிருப்பின் இப்பயன் விளைந்திருக்குமோ? தமிழ் பயிலும் நமக்கும் இது பாடமன்றோ! மாணவச் செல்வங்களே, அடுத்த துறையின் வாயிலிலும் ஐயத்தோடு நிற்போம், அறிவோடு திரும்புவோம்.