பல்லடத்துக்கு வரும் செமிகண்டக்டர் பூங்கா: ஒரு பிக்கோ விநாடி பிசகினால் என்ன ஆகும்?

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழக பட்ஜெட்டில் ரூ.500 கோடியில் 'தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030' அறிவிக்கப்பட்டது. சூலூர், பல்லடம் பகுதிகளில் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் இயந்திர உற்பத்திப் பூங்காக்கள் அமைக்கப்படும் என்பதும் அதில் ஒன்று. பல்லடம் தாலுகாவில் இருக்கும் சாமளாபுரம் போன்ற விசைத்தறி ஊர்களின் இளைஞர்களுக்கு அதில் வேலை கிடைக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

அங்கே என்ன செய்வார்கள்?

அறிவிப்பில் இருப்பது சிப் அல்ல, சிப் தயாரிக்கத் தேவைப்படும் இயந்திரங்கள். அவற்றில் முக்கியமான ஒரு வகை, சிப்பைச் சோதிக்கும் இயந்திரம். அது சிப்புக்குள் துல்லியமான மின் அலையை அனுப்பிப் பார்க்கும். அந்த அலையை உருவாக்குவது டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டிஏசி. உங்கள் போனில் பாட்டு கேட்பதும் இதே டிஏசி புண்ணியத்தில்தான்.

சிக்கல் எங்கே?

டிஏசிக்குள் இருப்பது வரிசையாகச் சுவிட்சுகள். 8 பிட் டிஏசியில் 127 என்றால் 01111111. 128 என்றால் 10000000. ஏறியது ஒரே ஒரு படி. ஆனால் 8 சுவிட்சும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். பெரிய சுவிட்ச் கொஞ்சம் தாமதித்தால் போச்சு. 127-லிருந்து கண நேரம் பூஜ்யத்துக்கு விழுந்து, பிறகே 128-க்கு ஏறும். அலையில் ஒரு வெட்டு விழுந்துவிடும்.

தறி ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. பாவு திறப்பதற்கு முன்பே நாடா பாய்ந்தால் இழை அறுந்துவிடும். இங்கே கணக்கு பிக்கோ விநாடியில், அவ்வளவுதான். அது ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளிகூட 0.3 மி.மீ. தூரம்தான் போகும். 1 கிகாஹெர்ட்ஸ் அலையை உருவாக்கும்போது கடிகாரத் துடிப்பு சராசரியாக 1 பிக்கோ விநாடி தடுமாறினாலே, 14 பிட் டிஏசி சுமார் 7 பிட் துல்லியத்தைத்தான் தரும்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

* எல்லாச் சுவிட்சுகளுக்கும் முன்னால் ஒரு லாட்ச் வைத்து, ஒரே கடிகாரத்தால் திறப்பது. கடிகாரக் கம்பிகளின் நீளமும் சமமாக இருக்கும். தறியின் எல்லா அசைவும் ஒரே தண்டிலிருந்து வருவது போல.
* பெரிய பிட்களைச் சம அளவுச் சுவிட்சுகளாகப் பிரிப்பது. ஒரு படி ஏற, கூடுதலாக ஒன்றைப் போட்டால் போதும். ஆனால் சுவிட்சுகளின் எண்ணிக்கை எகிறும்.
* ஒவ்வொரு துடிப்பிலும் வெளியீட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. முந்தைய எண்ணின் தாக்கம் அடுத்ததில் ஒட்டாது. ஆனால் கடிகாரத் தடுமாற்றம் கூடுதலாகப் பாதிக்கும்.
* எந்தச் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுப்பது. பிழை மறையாது; ஒரே இடத்தில் குவியாமல் மெல்லிய இரைச்சலாகப் பரவிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. எதை எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவர்தான் நல்ல அனலாக் பொறியாளர்.

உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு, ஆனால் தானாக வராது. இந்தத் துறையில் உலக அளவில் மதிக்கப்படும் ஆய்வாளரான பேராசிரியர் சாந்தி பவன், சென்னை ஐஐடியில்தான் இருக்கிறார். 2012-ல் பட்நாகர் விருது பெற்றவர். டேட்டா கன்வெர்ட்டர் சர்க்யூட் பற்றிய அவரது வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசம்.

பாடம் மட்டும் போதாது. பிக்கோ விநாடிப் பிசகைக் கண்ணால் பார்க்க, விலை உயர்ந்த ஆசிலாஸ்கோப்பும் அதைக் கையாளும் பழக்கமும் வேண்டும். பல்லடம், சூலூர் சுற்றுவட்டார ஐடிஐ, பொறியியல் கல்லூரிகளுக்கு அந்த வசதி பூங்கா திறப்பதற்கு முன்பே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிலம் உள்ளூரிலும், நல்ல சம்பளம் வாங்கும் ஆட்கள் வெளியூரிலும் என்றாகிவிடும்.