நியாய விலை சொல்பவன் மோசடிக்காரன் மட்டும்தானா?

பயன்படுத்திய கைபேசியை வாங்கி விற்பவர்கள் அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐயை மத்திய அரசின் தரவுத்தளத்தில் சரிபார்த்த பிறகே கைமாற்ற வேண்டும் என்கிறது, 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதி. அதே அக்டோபர் 1 முதல், யுபிஐ வழியாகத் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. நவம்பர் இறுதியில், புதிய கைபேசிகள் அனைத்திலும் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ பாதுகாப்புச் செயலியை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. வேவு பார்க்கும் வேலை என்று எதிர்ப்பு கிளம்பவே டிசம்பர் 3 அன்று பின்வாங்கியது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வாங்குபவருக்குக் கட்டளை, விற்பவருக்குக் கட்டளை, வங்கிக்குக் கட்டளை, கைபேசி தயாரிப்பாளருக்குக் கட்டளை. இத்தனை பேரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்து, அந்தக் கூட்டத்தில் காசு பார்க்கும் இணையச் சந்தை நிறுவனத்தின் மீது மட்டும் ஒரு சுமையும் இல்லை. பழைய பொருள்களின் இணையச் சந்தையில் விலை வீங்கிக் கிடப்பதற்கும் மோசடி மலிந்து கிடப்பதற்கும் இந்த ஒரு விலக்குதான் வேர்.

இழப்பின் கணக்கு சிறியதன்று. 2024-இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் பறிகொடுத்ததாக 2025 ஜூலையில் மக்களவையில் மத்திய அரசு சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. கோடிகளில் சொன்னால் நமக்கு உறைப்பதில்லை என்பதால் இப்படிச் சொல்லலாம்: அதே 2024-இல் தமிழ்நாட்டில் சுமார் 1 கோடியே 15 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை தரப்பட்டது. அதற்கு ஆண்டுக்குப் பதினான்காயிரம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. அந்தத் திட்டத்துக்கு நிதி எங்கிருந்து வரும் என்று எத்தனை தலையங்கங்கள், எத்தனை தொலைக்காட்சி விவாதங்கள்! அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலான பணம், நாளொன்றுக்கு 62 கோடி வீதம், திருடர்களுக்குப் போயிருக்கிறது. ஒரு விவாதமும் இல்லை. இந்தத் தொகையில் போலிப் பங்கு முதலீடு, காவல் துறை வேடத்தில் மிரட்டிப் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ எல்லாம் அடக்கம்தான். ஆனால் அந்த மோசடிகளுக்கெல்லாம் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய பொருள் சந்தையிலோ ஆளே வந்து தன் ஊர், தன் பொருள், தான் எதிர்பார்க்கும் தொகை எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கிறார். திருடன் தொழில் பழக இதைவிடத் தோதான இடம் கிடையாது.

அந்தத் தொழில் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒருவர் தன் வீட்டு சோபாவை 12 ஆயிரத்துக்கு விளம்பரம் செய்கிறார். அரை மணி நேரத்தில் அழைப்பு வருகிறது. பேரம் இல்லை, ‘நேரில் பார்க்கணும்’ என்ற பேச்சும் இல்லை; முழுத் தொகையையும் இப்போதே அனுப்புகிறேன் என்கிறது குரல். முதலில் 5 ரூபாய் வருகிறது, உண்மையாகவே வருகிறது. ‘கணக்கு சரிதான், இப்போ கியூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்’ என்கிறார். திரையில் ‘செலுத்து’ என்றுதான் இருக்கும். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையே இல்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் குறுஞ்செய்தி அனுப்பியும், மறுமுனையில் பேசுபவரின் அவசரத்தில் அந்த ஒரு சொல் கண்ணில் படுவதில்லை. பணம் போனதும் ‘ஐயோ, தப்பாயிடுச்சு, திருப்பி அனுப்பறேன், இன்னொரு கோடு வருது பாருங்க’ என்று இரண்டாவது முறையும் கறக்கிறார்கள். தனிநபர் கோரிக்கை வசதி நின்றது நல்லதே. ஆனால் இந்த வித்தைக்கு கியூஆர் கோடே போதும்.

வாங்குபவருக்கு விரிக்கும் வலை வேறு. ‘ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, புல்லட்டை அவசரமாகக் கொடுக்கிறேன்’ என்ற விளம்பரம் நாடெங்கும் பிரசித்தம். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, சீருடைப் படம், ஆர்சி புக் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். வண்டி ராணுவப் பார்சலில் வரும், போக்குவரத்துக் கட்டணம் மட்டும் முன்பணம்; பிறகு கேட் பாஸ் கட்டணம்; பிறகு திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை; பிறகு ரசீது எண் பொருந்தவில்லை என்று இன்னொரு தொகை. ராஜஸ்தானின் பரத்பூர், அல்வர், ஹரியாணாவின் நூ என்று இந்தக் கும்பல்கள் இயங்கும் மாவட்டங்கள் பல மாநிலக் காவல் துறைகளுக்கும் மனப்பாடம். இத்தனை ஆண்டுகளாக ஒரே கதை, ஒரே சீருடை, ஒரே வரிசையில் கட்டணங்கள். நம் ரசனையைக் கவனித்து அடுத்த விளம்பரத்தைக் காட்டத் தெரிந்த மென்பொருளுக்கு இந்த ஒரு கதையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றால் நம்புவதற்கில்லை. கண்டுபிடிக்கத் தேவை ஏற்படவில்லை என்பதே உண்மை.

இங்கேதான் விலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வாகனக் காப்பீட்டில் ‘ஐடிவி’ என்றொரு தொகை உண்டு. வண்டி திருட்டுப்போனால் காப்பீட்டு நிறுவனம் தரும் உச்சத் தொகை. அதற்கான தேய்மான அட்டவணை ரகசியமில்லை: 6 மாதம் வரை 5 சதவீதம், 1 ஆண்டுக்குள் 15, 2 ஆண்டுக்குள் 20, 3 ஆண்டுக்குள் 30, 4 ஆண்டுக்குள் 40, 5 ஆண்டுக்குள் 50. ஆக, ஐந்தாம் ஆண்டில் ஓடும் வண்டியின் மதிப்பு, அதே மாடலின் பட்டியல் விலையில் பாதி. இந்தக் கணக்கு முழுக் காப்பீடு எடுத்த ஒவ்வொரு வண்டிக்காரரின் பாலிசித் தாளிலும் அச்சாகியிருக்கிறது. அதே வண்டி விளம்பரத்துக்கு வரும்போது ‘சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்’ என்ற நான்கு சொற்களோடு புது விலையில் முக்கால் பங்கைக் கேட்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புதியதன் விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தானே ஆக வேண்டும்? ‘நான் வாங்கின ரேட்டு’ என்ற நினைப்பை இறக்கச் சொல்ல அந்தச் சந்தையில் எவரும் இல்லை. கேட்ட விலைதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கடைசியில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பது எங்கேயும் பதிவாவதில்லை. அடுத்து விற்பவர் தனக்கு முன்னால் கேட்டவரைப் பார்த்துக் கேட்கிறார். அவருக்கு அடுத்தவர் இவரைப் பார்த்து.

வீங்கிய இந்த விலைதான் மோசடிக்காரனின் மூலதனம். எடுத்துக்காட்டாக, புதிதில் 2 லட்சம் ரூபாய் பட்டியல் விலையுள்ள வண்டி. மூன்று ஆண்டு முடிந்துவிட்டால் ஐடிவி 1 லட்சத்து 20 ஆயிரம். விளம்பரங்களில் அதை 1 லட்சத்து 60 ஆயிரம் என்று போட்டுவைத்திருக்கிறார்கள். ராணுவ வேடக்காரன் 1 லட்சத்து 15 ஆயிரம் என்று போடுகிறான். ஏமாந்தவரைப் பார்த்து ‘இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று நம்பினாயே, பேராசைதானே?’ என்று ஊரே சிரிக்கிறது. பேராசை எங்கே இருக்கிறது? காப்பீட்டுக் கணக்குக்கு அருகில் வரும் விலையைச் சொன்னவன் அந்தச் சந்தையிலேயே அவன் ஒருவன்தான்! மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை மறைந்திருக்கும், ஆள் வெட்டவெளியில் நிற்பார். இணையச் சந்தையில் விலை வெட்டவெளியில் கிடக்கிறது, ஆள்தான் துண்டுக்கு அடியில். அதிலும் விலை பொய், ஆளும் பொய்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்று கேட்டால் விடை உடனே கிடைக்கும். இத்தகைய தளங்களின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்தை மேலே ஏற்றிக்காட்டும் கட்டணத்திலும் வியாபாரிகளுக்கான தொகுப்புகளிலும் இருக்கிறது. விலை அதிகமாகி விற்காமல் கிடக்கும் பொருளுக்குத்தான் திரும்பத் திரும்பக் காசு கட்டி மேலே ஏற்ற வேண்டியிருக்கும். இலவச அறிவிப்புப் பலகை என்று சொல்லிக்கொள்ளும் தொழிலில் பணமே இல்லையென்றால், ஓஎல்எக்ஸின் இந்திய வியாபாரத்தை 2023-இல் கார்டிரேட் டெக் நிறுவனம் சுமார் 537 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியிருக்காது. சட்டமோ இவர்களுக்குக் குடை பிடிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, பிறர் பதிவேற்றியதற்குத் தளம் பொறுப்பாகாது என்கிறது. 2020-இன் மின்வணிக விதிகள், வழக்கமான வியாபாரமாக அல்லாமல் தனிநபர் செய்யும் விற்பனையைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன. விளைவு, எல்லோரும் தனிநபர் வேடம் போடுகிறார்கள். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பதிவுபெற்ற பழைய வாகன வியாபாரியின் லாபத்தொகை மீதான வரியை 18 சதவீதமாக்கியது. தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைக்கு வரி இல்லை. புரோக்கருக்கு ‘ஓனர்’ வேடம் போட இப்போது அரசே கூலி கொடுக்கிறது.

சிங்கப்பூர் இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் நமக்கு வெட்கம்தான் வரும். 2022 மே மாதத்திலேயே அந்த அரசு இணையச் சந்தைகளுக்குப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு மதிப்பீடு கொடுத்து வெளியிட்டது. நான்கு குறிகளுக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. உலகத்தின் பெரிய நிறுவனம் என்று பார்த்துக் கூட்டிப் போடவில்லை. 2024 ஜூனில் இணையக் குற்றத் தீங்குகள் சட்டத்தின் கீழ் நடத்தை விதி வந்தது. ஆபத்தான விற்பனையாளர்களின் அடையாளத்தை அரசு ஆவணத்தோடு சரிபார்க்க வேண்டும், பலன் இல்லையென்றால் எல்லா விற்பனையாளர்களையும் சரிபார்க்கச் சொல்வோம் என்று கேரோசெல், ஃபேஸ்புக் போன்ற தளங்களிடம் அரசு கறாராகச் சொன்னது. 2025 செப்டம்பரில், ஆள்மாறாட்ட மோசடிகளைத் தடுக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் என்று மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவே போனது. 2024-இல் அங்கேயும் 110 கோடி டாலருக்கு மேல் மோசடி நடந்ததே என்று சிலர் கேட்பார்கள். நடந்தது. சட்டத்தின் பலன் சட்டம் வந்த ஆண்டிலேயே முழுதாகத் தெரிந்துவிட வேண்டும் என்பது விதண்டாவாதம். ஜப்பானின் மெர்காரி தளத்தில் பொருள் கைக்கு வந்து, வாங்கியவர் சரி என்று சொன்ன பிறகே விற்றவருக்குப் பணம் போகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி ஈடுசெய்கின்றன. உச்சவரம்பு 85 ஆயிரம் பவுண்டு. நம் ஊரிலோ இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டுப் பிரார்த்தனை செய்ய வேண்டும்.

எதிர்வாதங்கள் வராமல் இருக்காது. கட்டுப்பாடு வந்தால் பழைய மிக்ஸி விற்கும் இல்லத்தரசி ஓடிவிடுவார் என்பது முதல் வாதம். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் கொடுத்தவர் ஒரு விளம்பரத்துக்கு அடையாளம் கொடுக்கத் தயங்கமாட்டார். தயங்குபவர் யார் என்பது தெரிந்த கதை. வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதை மிகுந்த அக்கறையோடு சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தளங்களின் விளம்பரக் குறிப்பை எழுதுபவர்கள்தான். ஐடிவி என்பது காப்பீட்டுக் கணக்கு, நன்றாகப் பராமரித்த வண்டியின் சந்தை மதிப்பு வேறு என்பது மூன்றாவது. திருட்டுப்போனால் மட்டும் வாய்மூடி ஏற்றுக்கொள்ளும் விலை, விற்கும்போது மட்டும் ஏன் கசக்கிறது? மீட்டரைத் திருப்பி வைத்துக் கிலோமீட்டரைக் குறைத்துக்காட்டும் வேலை சகஜமாகிவிட்ட சந்தையில் ‘நன்றாகப் பராமரித்தது’ என்பதற்கு என்ன சான்று?

செய்ய வேண்டியது சிக்கலானதும் அல்ல. வாகன விளம்பரம் ஒவ்வொன்றிலும் கேட்கும் விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஐடிவி இருக்க வேண்டும்; 5 ஆண்டு தாண்டிய வண்டிக்குக் கடைசி பாலிசியில் உள்ள தொகை. விளம்பரத்தை எடுக்கும்போது கைமாறிய விலையைப் பதிய வேண்டும். கைபேசி விளம்பரம் ஏறும் முன்பே ஐஎம்இஐ சோதனையைத் தளமே செய்ய வேண்டும். தரவுத்தளம் இருக்கும்போது அதை ஆயிரம் வாங்குபவர்கள் தனித்தனியே தட்டிப் பார்ப்பானேன்? பொருள் கைக்கு வரும்வரை பணம் தளத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். இவற்றைச் செய்யாத தளத்துக்கு 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு இல்லை, பிரிட்டனின் வங்கிகளைப்போல இழப்பில் பாதியை அதுவே ஈடுசெய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஏமாந்தவரின் இழப்பில் பாதி தன் கணக்கிலிருந்து போகும் என்று தெரிந்த மறுநாளே, இத்தனை ஆண்டுகளாகக் கண்டுபிடிக்க முடியாத ராணுவ வேடக்காரனை அந்த மென்பொருள் கண்டுபிடித்துவிடும். விலையும் ஓராண்டில் தரைக்கு வந்துவிடும். முடியாது என்று சொல்லும் நிறுவனம் கடையைச் சாத்திக்கொள்ளட்டும். பழைய பொருளை வாங்கவும் விற்கவும் இந்த நாட்டுக்கு அது வருவதற்கு முன்பும் தெரிந்திருந்தது.