கொமண்ட் திருத்துவது கேலிக்குரிய வேலையா?

நம்ம ஊர்ப் பொடியன் ஒருவன் லாரவெலில் ஒரு கொமண்டைத் திருத்தி அனுப்பினால், "கோட் எழுதத் தெரியாதவன் செய்யிற வேலை" என்று சிரிக்க நாலு நானாமார் இருக்கிறார்கள். இந்தச் சிரிப்பு பிழை என்று நாங்கள் பகிரங்கமாகவே சொல்கிறோம்.

தெரியாதவர்களுக்கு: லாரவெல் என்பது இணையத்தளம் கட்ட உதவும் பிஎச்பி ஃபிரேம்வேர்க். 2011இல் டெய்லர் ஒட்வெல் வெளியிட்டது. இலவசம், யாரும் திருத்தம் அனுப்பலாம். அதிலுள்ள பங்ஷன்களுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும். எதைக் கொடுக்க வேண்டும், எது திரும்பி வரும் என்று அது சொல்லும். புரோகிராம் ஓடும்போது பிஎச்பி அந்தக் குறிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. "பிழையாக இருந்தாலும் ஓடுதுதானே?" என்பதுதான் சிரிப்பவர்களின் முழு வாதமும்.

ஓடும். ஆனால் குறிப்பை மனிதன் வாசிக்கிறான். எடிட்டரில் பங்ஷன் பெயரின் மேல் மவுஸை வைத்தால் தெரிவது அதுதான். பிஎச்பிஸ்டான் போன்ற பிழை தேடும் கருவிகளும் அதை நம்பித்தான் தீர்ப்புச் சொல்கின்றன.

ஒரு பங்ஷன் தேடிய பதிவு கிடைக்காவிட்டால் 'நல்', அதாவது வெறுமை, தரும் என்று வைப்போம். குறிப்பிலோ "பதிவு வரும்" என்று மட்டும் இருக்கிறது. சோதிக்கும்போது பதிவுகள் எல்லாம் இருக்கும்; எல்லாம் சரியாகத் தெரியும். பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் இல்லாத இலக்கம் ஒன்றை அடிப்பார். பக்கம் அப்படியே விழும்.

இதில் அடிபடுவது யார்? அனுபவசாலி மூலக் கோட்டைத் திறந்து பார்த்துவிடுவார். உயர்தரம் முடித்துவிட்டு, டேட்டா கார்ட் போட்டுத் தனியாகப் படிக்கிற பிள்ளை குறிப்பைத்தான் நம்பும். பாடநூலில் விடை பிழைத்தால் நல்ல மாணவன் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பான். வகுப்பறையில் நாங்கள் காண்பது இது. "எனக்கு இது சரிவராது" என்று அந்தப் பிள்ளை விட்டுவிட்டுப் போனால், அந்த நட்டத்தை யார் கணக்கெடுப்பது? எழுதி வைத்த வாக்கும் ஓர் அமானிதம்தான்.

போலி வேலையும் நடக்கிறது, மறுக்கவில்லை. 2020 ஹக்டோபர்ஃபெஸ்டில் ஒரு டீசேர்ட்டுக்காகப் பலர் அர்த்தமில்லாத சொற்களைச் சேர்த்து அனுப்பி, திட்டங்களை நடத்துவோரைச் சலிக்க வைத்தார்கள். சம்மதித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று இடையில் விதியையே மாற்ற வேண்டி வந்தது. அது திருத்தமல்ல, தொல்லை.

உண்மையான திருத்தம் வேறு. பங்ஷனை மேலிருந்து கீழ் வரை வாசித்து, எந்தெந்த வழியால் என்ன வெளியே வருகிறது என்று பார்த்து, அதைக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். குறிப்பில் வகைக்கு முன்னும் பின்னும் இரண்டு இடைவெளி விட வேண்டும் என்றுகூட லாரவெலின் வழிகாட்டி சொல்கிறது. அவ்வளவு கவனமாக வாசிக்கப் பழகியவனா கோட் எழுதத் தெரியாதவன்?

வெப் படிப்பிக்கும் நானாமாரே, தாத்தாமாரே, முதல் பயிற்சியாக இதையே கொடுங்கள். ஒரு பங்ஷன், ஒரு குறிப்பு, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிழை கண்டால் திருத்தி அனுப்ப உதவுங்கள். உதவ நேரமில்லையென்றால் சிரிக்காமலாவது இருங்கள்.