வயலைப் பார்க்கிறோம், கணக்கைப் பார்க்கிறோமா?

முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கவாத்து எப்போ, தேயிலைக் கொசுவுக்கு என்ன கரைசல், 2011 தானே புயலில் சாய்ஞ்ச தோப்பை எப்படி மீட்டாங்க என்று மணிக்கணக்கில் சொல்வார். அவரே பங்கு போட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் போன வருஷ வரவு செலவைக் கேட்டால், "அது சி.இ.ஓ. தம்பிக்குத்தாங்க தெரியும்" என்பார். முந்திரி என்றில்லை, நெல்லிலும் காய்கறியிலும் இதே கதைதான்.

2020-இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்கள் என்று தொடங்கிய திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ரூ.18 லட்சம் வரை கிடைக்கும். அந்தத் தம்பியின் சம்பளமும் அதிலிருந்துதான். மூன்று வருஷம் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போனால், அவருக்குக் கொடுத்த பயிற்சியும் கூடவே போய்விடும். இயக்குநர் நாற்காலியில் உழவர்தான் இருப்பார். ஆண்டறிக்கை தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். தொடர்ந்து மூன்று வருஷம் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பொறுப்புக்கே வர முடியாது. சட்டத்துக்கு "எனக்குத் தெரியாதுங்க" என்பது பதில் ஆகாது.

விலையிலும் அப்படித்தான். உலகச் சந்தையில் முந்திரிக்கொட்டையை மாதிரி எடுத்து வெட்டிப் பார்ப்பார்கள். நல்ல பருப்பின் எடையோடு, புள்ளி விழுந்ததில் பாதியைச் சேர்த்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். 46-க்கு ஒரு விலை, 50-க்கு வேறு விலை. இது தெரியாத சங்கம், வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டத்தான் வேண்டும்.

நம்மால் முடியாததா? பி.ஜி.எஸ். குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று கொடுக்கிறோமே! அதே கண்ணை ரசீதுப் புத்தகத்தின் மேல் வைக்கவேண்டியதுதான். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்த நெசவாளர்கள், பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். நம் நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டத்தில் இப்படி ஒரு தீர்மானம் வரட்டும்.

பயிற்சியை நகரத்து ஓட்டலில் இரண்டு நாள் படம் காட்டி முடிப்பது வீண் செலவு. அறுவடை ஓய்ந்த ஆனி, ஆடியில், சாயங்காலம், ஊரிலேயே நடத்தலாம். கொட்டை உடைப்பது பெரும்பாலும் பெண்கள். பங்கு யார் பேரில் இருந்தாலும் அவர்களும் உட்காரட்டும். முதல் வகுப்புக்கு நிறுவனத்தின் பாஸ்புக்கும் இருப்புப் பதிவேடும் போதும். இரண்டாவது வகுப்புக்கு ஒரு தராசும், வெட்டும் கருவியும், தோப்பிலிருந்து ஒரு கிலோ கொட்டையும்.